முள்ளை வின்ச் போட்டு இழுத்த ஜீப் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இந்த ஐப்பசியிலும் வரப்போகிறீர்கள் என்று உங்கள் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிருஷ்ணகிரியில் காலைச் சாப்பாடு, ஊத்தங்கரை தாண்டி எங்கள் ஊர் ஓடையில் வண்டி இறக்குவது, சாயங்காலம் அரூர் வழியாகத் திரும்புவது. பன்னிரண்டு வண்டிகளுக்கு இடம் உண்டு, மழை அதிகமாக இருந்தால் பயணம் இன்னும் நன்றாக இருக்கும் என்றெல்லாம் போட்டிருக்கிறீர்கள். போன வருஷம் எங்கள் தரைப்பாலத்தில் எடுத்த வீடியோவையும் அதோடு சேர்த்திருக்கிறீர்கள். இரண்டு வண்டிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரையேறுவதோடு அது முடிந்துவிடுகிறது. மூன்றாவது வண்டிக்கு என்ன ஆனது என்பது அதில் இல்லை. அன்றைக்குக் கரையில் டிராக்டரோடு நின்றவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதையும் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும், அது போதும்.

நான் ஜீப் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக இந்த வேலைதான். பழைய கமாண்டர், மேஜர் வண்டிகளில் தொடங்கி இன்றைக்கு வருகிற கம்ப்யூட்டர் வண்டிகள் வரை என் பட்டறையில் நின்றிருக்கின்றன. சித்தேரி மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு ஹவுசிங் (சக்கரங்களைத் திருப்பும் பல்சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூடு) இறக்கி மாட்டியிருக்கிறேன். ஃபோர் வீல் வண்டியைப் பிடிக்காதவன் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வண்டிதான் எனக்குச் சோறு போடுகிறது. சேற்றில் ஒரு வண்டி ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியரில், மெல்ல ஊர்ந்து மேலேறுவதைப் பார்த்தால் எனக்கும் மனசு நிறையும்.

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் பின்னால் வந்த வண்டிகளில் இருந்தீர்கள். முன்னால் நடந்தது உங்களுக்கே முழுசாகத் தெரியாமல் இருக்கலாம்.

காலையிலிருந்து மழை. மதியம் ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்தது. ஓடையில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே ஓட ஆரம்பித்ததும், எப்போதும் செய்வதுபோல் ஊர்க்காரர்கள் வேலிக்காத்தான் முள்ளை வெட்டி இரண்டு பக்கமும் ரோட்டில் போட்டோம். தலையாரி ஒரு சிவப்புத் துணியை அதில் கட்டினார். எங்களிடம் கேட் கிடையாது, சங்கிலி கிடையாது, ஆழம் காட்டும் அளவுகோல் கிடையாது. முள்தான் எங்கள் கேட். முள் கிடந்தால் போகக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஸ் திரும்பிப் போகும், பால் வண்டி சுற்றிக்கொண்டு போகும்.

மூன்றரை மணி வாக்கில் நீங்கள் வந்தீர்கள். போக வேண்டாம் என்று நாங்கள் நாலைந்து பேர் சொன்னோம். உங்களில் ஒருவர் இறங்கி வந்து, பாலத்தை மூடச் சொல்லி உத்தரவு இருக்கிறதா, இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்களிடம் காகிதம் இல்லை. அப்புறம் முதல் வண்டியின் முன்னால் இருக்கும் வின்ச்சின், அதாவது இழுவை உருளையின், கம்பியை முள்ளில் மாட்டி ஓரத்துக்கு இழுத்தீர்கள். சிவப்புத் துணி சேற்றில் போனது.

அந்தத் தரைப்பாலத்தின் காவல் கற்கள் முக்கால் மீட்டர் உயரம். அப்போது தலை மட்டும் தெரிந்தது. அதாவது சுமார் 60 செ.மீ. தண்ணீர். முதல் வண்டி போனது, இரண்டாவது போனது, கை தட்டினீர்கள். மூன்றாவது நடுவில் வரும்போது பின்பக்கம் மெல்ல இடதுபுறம் நகர ஆரம்பித்தது. ஓட்டியவர் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி கேட்கவில்லை. ஒரு காவல் கல்லில் பின்சக்கரம் முட்டி நின்றது. அந்தக் கல் இல்லாதிருந்தால், பாலத்துக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து தோண்டிய மடு இருக்கிறது, கோடையிலேயே அதில் இரண்டு ஆள் ஆழம். உள்ளே ஒரு பெண்ணும் ஏழெட்டு வயசுப் பையனும் இருந்தார்கள். பையன் அழவில்லை. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டிராக்டரில் கயிறு கட்டி, பக்கத்து வீட்டுத் தம்பி இடுப்பில் கயிற்றோடு இறங்கிப் போய்க் கொக்கியை மாட்டினான். இழுத்து முடிக்கும்போது இருட்டிவிட்டது.

நீங்கள் எங்களுக்கு நன்றி சொன்னீர்கள், பணமும் கொடுக்க வந்தீர்கள். நாங்கள் வாங்கவில்லை. கிளம்பும்போது "முள்ளை எடுத்துப் போட்டுவிடுகிறோம் அண்ணா" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பக்கம் போன இரண்டு வண்டிக்காரர்கள் போட்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. நனைந்து, களைத்து, வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை நினைக்காமல் ஒரு நாளும் அந்த வழியாக நான் போகவில்லை.

மறுநாள் விடிகாலை ஐந்தரை மணி. வீடு வீடாகப் பால் வாங்கி சொசைட்டியில் ஊற்றுகிறவர் ஒருவர், ஐம்பது வயசைத் தாண்டியவர், மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வந்தார். முள் இல்லை. ரோட்டுச் சேற்றில் இரண்டு பக்கமும் அகலமான டயர் தடம். வழி திறந்துவிட்டது, ராத்திரி வண்டிகள் போய் வந்திருக்கின்றன என்று அவர் நினைத்தார். இருட்டில் தண்ணீரின் உயரம் தெரியாது, தடம் மட்டும் ஹெட்லைட்டில் பளிச்சென்று தெரியும். ராத்திரி பெய்த மழையில் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. மொபெட் பத்தடிகூடப் போகவில்லை. நல்ல காலம், கீழே ஒரு புங்கமரத்தின் கிளை அவர் கைக்குக் கிடைத்தது. முக்கால் மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மொபெட்டை நாலு நாள் கழித்து ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சேற்றில் எடுத்தோம். கேன்கள் கிடைக்கவே இல்லை. நாலு மாசம் அவரால் பால் எடுக்கப் போக முடியவில்லை. அந்த நாலு மாசத்தில் அவருக்குப் பால் ஊற்றிய வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன.

இது உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வீடியோவை மறுபடி போட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு உங்களில் ஒருவர், "கம்பெனியே 650 மில்லிமீட்டர் வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறதே" என்றார். உண்மைதான். மஹிந்திரா தார் வண்டிக்கு 650 மி.மீ., ஃபோர்ஸ் கூர்க்கா வண்டிக்கு 700 மி.மீ. என்று அந்தந்தக் கம்பெனிகள் சொல்கின்றன. அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த அளவு நின்ற தண்ணீருக்கு, மெல்லப் போகும் வண்டிக்கு, அடியில் கெட்டியான தரை இருக்கும் இடத்துக்கு. எஞ்சினுக்குள்ளும் கரண்ட் சாமான்களுக்குள்ளும் தண்ணீர் போகாமல் எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஓடுகிற தண்ணீர் வண்டியைத் தள்ளுமா தள்ளாதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. 60 செ.மீ. ஓட்டத்தில் நின்ற உங்கள் மூன்றாவது வண்டி புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குள்தான் இருந்தது.

என் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து ஒரு ராத்திரி இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் மாதிரி வண்டி ஒன்றே முக்கால் டன் எடை. பானட் பக்கம் கீழே திறப்பாக இருப்பதால் அதைக் கழித்துவிடுவோம். ஆள் உட்காரும் பெட்டியும் அதன் பின்னால் இருப்பதும் மட்டும் ஒரு நாலு சதுர மீட்டர் என்று வைப்போம். தண்ணீர் அந்தத் தளத்தைத் தொட்டு 10 செ.மீ. மேலே ஏறினால் 400 லிட்டர் தண்ணீரை வண்டி விலக்குகிறது, அதாவது சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் 400 கிலோ காணாமல் போகிறது. 20 செ.மீ. ஏறினால் 800 கிலோ. இதுபோக நாலு டயரும் காற்றடைத்த பந்துகள், அவையும் தங்கள் பங்குக்குத் தூக்கும். பெரிய டயர் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அது இன்னும் கூடுதலாகத் தூக்கும். கதவு ரப்பர் நன்றாக இருக்கும் புது வண்டிக்குள் தண்ணீர் சீக்கிரம் வராது. அதனால் பழைய ஜீப்பை விட உங்கள் வண்டிதான் சீக்கிரம் மிதக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் முன்பக்கம் கனம். முதலில் லேசாவது பின்பக்கம். உங்கள் மூன்றாவது வண்டியின் வால் ஏன் முதலில் நகர்ந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

சக்கரம் தரையை அழுத்தினால்தான் பிடிப்பு. அழுத்தம் போன பிறகு ஃபோர் வீல் என்ன, இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃப் லாக் என்ன, நாலு சக்கரமும் சேர்ந்து வெறும் தண்ணீரில் சுற்றும். வண்டி லேசாகும் அதே நேரத்தில் பக்கவாட்டில் இழுப்பு தள்ளுகிறது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர், குறுக்கே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பைத் தோராயமாக 50 கிலோ பலத்தோடு தள்ளும். வேகம் 2 மீட்டர் ஆனால் 200 கிலோ. 3 மீட்டர் ஆனால் 450 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்காகிறது. எங்கள் ஓடை மழை நாளில் ஓடுகிற வேகத்துக்குக் கரையில் நின்று ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பாருங்கள், கூடவே ஓட வேண்டியிருக்கும். போதாததற்கு வண்டி குறுக்கே நின்றதும் மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், மட்டம் இன்னும் ஒரு சாண் ஏறிவிடுகிறது. நீங்கள் இறங்கும்போது பார்த்த ஆழம் நடுவில் போனதும் அதே ஆழமாக இருக்காது. 15 செ.மீ. ஓட்டம் நிற்கிற மனுஷனைச் சாய்க்கும், 30 செ.மீ. சின்னக் காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் அடித்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க வானிலைத் துறை தன் மக்களை எச்சரிக்கிறது. எங்கள் காவல் கல் அதே கணக்கைத்தான் காட்டியது.

இன்னொன்று, தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. தரைப்பாலத்தின் கீழ்ப்பக்க ஓரத்தில் மண் அரித்துக்கொண்டே போகும். மேலே கான்கிரீட் இருக்கும், கீழே பொந்து. குழாய்களில் செடி கொடி அடைத்துக்கொண்டால் தண்ணீர் முழுக்க மேலே வரும். எங்கள் பாலத்தில் அந்த மழைக்கு அப்புறம் கீழ்ப்பக்கம் மூன்றடி நீளத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து கிடந்தது. உங்கள் இரண்டாவது வண்டியின் இடது சக்கரம் போன இடத்துக்கு ஒரு முழம் தள்ளி.

ஸ்நார்க்கல், அதாவது எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் உயரமான குழாய், போட்டிருக்கிறோம் என்பீர்கள். நல்ல ஸ்நார்க்கல் எஞ்சினுக்கு மூக்கை உயரத்தில் வைக்கும், அவ்வளவுதான். வண்டியைக் கீழே பிடித்து வைக்காது. அதுவும் நல்லதாக இருந்தால். அன்றைக்கு இழுத்த வண்டியை மறுநாள் என் பட்டறையில்தான் திறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஒரு டம்ளர் சேறும் இரண்டு வேப்பிலையும் இருந்தன. ஸ்நார்க்கல் பெட்டியோடு சேரும் இடத்தில் பேஸ்ட் போடாமல் வெறும் கிளிப் போட்டு விட்டிருந்தார்கள். டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நெருக்கித்தான் எரிக்கிறது. காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் ஏதாவது ஒன்று வளைய வேண்டும். வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட். அந்த வண்டியில் இரண்டு ராட் வளைந்திருந்தது. தண்ணீரில் நின்றதும் ஓட்டியவர் பயத்தில் மறுபடி மறுபடி ஸ்டார்ட் அடித்திருக்கிறார். பயத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்குள் ஸ்டார்ட் அடித்து எஞ்சின் போனால் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் கை விரித்துவிடும், அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

ஜெயித்துவிட்டதாக வீடியோவில் வரும் அந்த இரண்டு வண்டிகளையும் யாராவது திறந்து பார்த்தார்களா? ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாசம் கழித்து நட்டைக் கழற்றினால் ஆயில் பால் காபி மாதிரி வரும். அப்புறம் பேரிங் கத்தும். பிரேக் நனைந்து, பெட்டியில் சேறு அடைத்து, மலை இறக்கத்தில் மிதித்தால் பிடிக்காமல் போகும். ஜன்னலும் லாக்கும் கரண்டில் வேலை செய்யும் வண்டியில், தண்ணீர் கதவைப் பாதி மூடிவிட்டால் உள்ளேயிருந்து தள்ளித் திறப்பது எளிதல்ல. அந்தப் பையன் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றான் என்றேனே, அவன் பக்கத்துக் கண்ணாடி அப்போது இறங்கவில்லை.

2024 டிசம்பரில் என்ன நடந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு உள்ளே நகர்ந்து எங்கள் தலைமேல் வந்து நின்றது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. அரூரிலும் 30 செ.மீ.க்கு மேல். ஏரி நிரம்பி வந்த தண்ணீர் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் புரட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. ஆள் இல்லாமல் நிறுத்தியிருந்த வண்டிகள். ஓட்டத் தெரியாதவர் யாரும் அவற்றை ஓட்டவில்லை. அந்த வாரம் முழுக்க என் பட்டறை வாசலில் சேற்று வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வேனுக்குள் ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு நனைந்து கூழாகிக் கிடந்தது. அதைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன், அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அங்கேயே வைத்துவிட்டார். அந்த வாரத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மழைத்தண்ணீர் ரோட்டில் ஓடுகிற சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நீங்கள் வருகிறீர்கள் என்பதை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு முடியவில்லை.

மேலே மழை இல்லையே, வானம் வெளுத்துவிட்டதே என்றும் அன்றைக்கு ஒருவர் சொன்னார். தென்பெண்ணை நந்திமலைப் பக்கம் பிறக்கிறது. பெங்களூரு பக்கம் பெய்த மழை கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, அங்கே திறந்தால் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைக்கு வந்து, அது 52 அடியை நெருங்கினால் கடலூர் வரைக்கும் கரையோர ஜனங்களுக்கு எச்சரிக்கை போகிறது. இங்கே வெயில் அடிக்கும், ஆறு ஏறும். சின்ன ஓடைகள் இன்னும் மோசம், மலையில் ஒரு மணி நேரம் கொட்டியது கீழே வந்து சேர்வது யாருக்கும் சொல்லிவிட்டு வராது.

சித்தேரி மலையில் ஜீப் ஓட்டிய ஒரு பெரியவரிடம்தான் நான் இதைக் கற்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரிப்பேர் பார்க்கக் கூட்டிப்போனார். வழியில் காட்டாறு. எனக்குப் பார்க்க முழங்கால் அளவுதான். அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு கல்லைத் தண்ணீர் ஓரத்தில் வைத்து அடையாளம் பண்ணிவிட்டுப் பீடி பற்றவைத்தார். வண்டியில் பதினைந்து பேர், ரேஷன் மூட்டைகள், ஒரு கைக்குழந்தை. யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டரை மணி நேரம். கல் முழுசாகத் தெரிந்து, அதற்கப்புறம் ஒரு சாண் இறங்கிய பிறகு, கழியோடு தானே நடந்துபோய் அந்தப் பக்கத்தைத் தொட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தார். "ஆறு நமக்காக நிக்காது தம்பி, நாமதான் ஆத்துக்காக நிக்கணும்" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மலையில் வண்டி ஓட்டியவர். நான் பார்த்ததிலேயே நல்ல ஃபோர் வீல் டிரைவர் அவர்தான்.

ஒகேனக்கல்லையும் பாருங்கள். காவிரியில் தண்ணீர் கூடினால் பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள். பரிசல்காரர்கள் அந்த ஆற்றின் ஒவ்வொரு பாறையையும் அறிந்தவர்கள், தலைமுறையாக அதில் பிழைப்பவர்கள். தடை என்றால் பரிசலைக் கவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டு வருமானம் இல்லாமல் உட்காருகிறார்கள். சில வருஷம் வாரக்கணக்கில். பிழைப்பையே நிறுத்தத் தெரிந்தவர்கள் இருக்கும் இந்தப் பகுதியில், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்திக்கொள்ள முடியாதா?

உத்தரவு எங்கே என்று கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34ஆம் பிரிவில், பாதிக்கப்பட்ட இடத்துக்கு வண்டி போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு இருக்கிறது. மீறினால் 51ஆம் பிரிவில் ஜெயில் தண்டனை வரை உண்டு. இதை ஒரு வக்கீல் நண்பர் எனக்குக் காட்டினார். ஆனால் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறுவதற்கு எங்கள் ஓடையில் இருபது நிமிஷம் போதும். அந்த இருபது நிமிஷத்தில் காகிதம் எங்கிருந்து வரும்? ஊர் கூடி முள் வெட்டிப் போடுவதுதான் வரும். அந்த முள்ளுக்கு நீங்கள் காகிதத்துக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நான் கேட்பது இவை.

அறிவிப்பில் இருக்கும் தரைப்பாலத்தை எடுத்துவிடுங்கள். எங்கள் ஓடை மட்டும் போதாது. ஊத்தங்கரை, அரூர், அஞ்செட்டி, எந்தப் பக்கமானாலும் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும்போது உங்கள் குழுவின் வண்டி இறங்காது என்று எழுத்தில் போடுங்கள். ஒரு சாண் தண்ணீர்தானே என்று அதிலும் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

முள்ளோ கல்லோ கயிறோ, ஊர் போட்ட தடுப்பை யாரும் தொடக் கூடாது என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள். மீறுகிறவரை அடுத்த பயணத்தில் சேர்க்காதீர்கள்.

அந்த வீடியோவை நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால் முழுசாகப் போடுங்கள். மேலே பறந்த உங்கள் கேமராவில் மூன்றாவது வண்டி நகர்ந்தது, டிராக்டர் இழுத்தது எல்லாம் பதிவாகியிருக்கும். உள்ளே இருந்த குடும்பத்தின் முகத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.

பால்காரருக்கு ஒரு மொபெட், இரண்டு கேன், நாலு மாச வருமானம், ஆஸ்பத்திரிச் செலவு. அன்றைக்கு வந்தவர்கள் சேர்ந்து இதைக் கொடுக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். நான் கேட்கிறேன். கொடுக்க வருகிறவர்கள் கேமரா இல்லாமல் வாருங்கள்.

தண்ணீரில் வண்டி ஓட்டப் பழகத்தான் வேண்டும் என்றால், சொந்த இடத்தில் குழி வெட்டி, தண்ணீர் விட்டு, ஆழம் அளந்து, கயிறும் இழுவை வண்டியும் தயாராக வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றாமல் பழகுங்கள். பிரீதர் குழாயை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், ஸ்நார்க்கலை எங்கே அடைக்க வேண்டும் என்று காசு வாங்காமல் நானே சொல்லித்தருகிறேன்.

பன்னிரண்டு வண்டிகளோடு வரத்தான் ஆசை என்றால், மழைக்கு முன்னால் ஒரு நாள் வாருங்கள். இந்தப் பக்கத்துத் தரைப்பாலங்களில் ஆழம் காட்டும் கல் எதிலும் இல்லை. பஞ்சாயத்திலும் நெடுஞ்சாலைத் துறையிலும் அனுமதி கேட்கும் வேலையை ஊர்க்காரர்கள் நாங்கள் பார்க்கிறோம். கல்லும் பெயிண்டும் ஏற்றிவர உங்கள் வண்டிகள் வேண்டும். சிவப்புக் கோடு 15 செ.மீ.யில் தொடங்க வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டுகிற மாதிரி ஒரு சங்கிலியும் வேண்டும். சாவி தலையாரியிடம் இருக்கட்டும்.

தீபாவளிக்கு முன்னால் பதில் வேண்டும். என் பட்டறை எங்கே என்று அன்றைக்கு வண்டியை விட்டுப்போனவருக்குத் தெரியும். பால்காரர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். வந்தீர்களானால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஊத்தங்கரைப் பக்கத்து ஜீப் மெக்கானிக் ஒருவன்